ஃபண்டு வருமா வராதா தெரியவில்லை: அம்மாக்களிடம் இப்போதே சொல்லலாமா?

கொருக்குப்பேட்டை மாலை மையம் (கேள்வி)
ஜனவரி 19, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் கொருக்குப்பேட்டையில் மூன்று இடங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தும் ஒரு சிறிய டிரஸ்டில் பொறுப்பில் இருக்கிறேன். டிரஸ்ட் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் நான் இங்கே கணக்கு டீச்சர். பழைய ஒருங்கிணைப்பாளர் உடம்பு முடியாமல் விலகியதும் அந்த வேலை என்னிடம் வந்தது. பிறந்து வளர்ந்ததும் இந்தப் பேட்டையில்தான்.

மொத்தம் 140 பிள்ளைகள், மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை. பத்தாவது மட்டும் 22 பேர். ரயில்வே கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி நகரும்வரை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வர முடியாது. அதனால் ஐந்தரைக்குத்தான் வகுப்பைத் தொடங்குவோம், எட்டு மணிக்கு விடுவோம். நடுவில் ஒரு கிண்ணம் சுண்டல். அம்மாக்களில் பாதிப் பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர்கள் சிலர், ஒப்பந்தத் துப்புரவு வேலையில் சிலர். அவர்கள் திரும்பி வரும்வரை பிள்ளை தெருவில் இல்லாமல் ஓர் அறைக்குள் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய நிம்மதி. மதிப்பெண் எல்லாம் அப்புறம்.

மாதச் செலவு 1,10,000 ரூபாய். ஏழு டீச்சர்களுக்குத் தலா 8,000, எனக்கு 15,000, இரண்டு அறைகளுக்கு வாடகை 11,500, சுண்டலுக்கு ஏறக்குறைய 20,000. மீதி கரண்ட், நோட்டு, ஜெராக்ஸ், ஆடிட்டர். மூன்றாவது அறைக்கு வாடகை இல்லை, ஒரு சிறிய சபையார் கொடுத்தது.

இதில் பெரும்பகுதி ஒரு தனியார் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம். நான்கு வருடமாகத் தவறாமல் வந்தது. டிசம்பர் 18 அன்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நிர்வாகம் மாறியிருக்கிறது, எல்லாத் திட்டங்களையும் மறுபரிசீலனை செய்கிறோம், மார்ச்சுக்குப் பிறகு தெரிவிக்கிறோம் என்று இருந்தது. ஜனவரியில் வரவேண்டிய கடைசித் தவணையும் வரவில்லை. போன் செய்தால் அங்கே இருக்கும் தம்பி மரியாதையாகத்தான் பேசுகிறார். அவருக்கும் தெரியவில்லை. இன்றைய தேதிக்குக் கையில் இருப்பது 3,96,000.

நிறுத்துகிறோம் என்று சொல்லியிருந்தால்கூட என்ன செய்வது என்று யோசித்திருப்பேன். இது இரண்டும் இல்லாமல் இருக்கிறது. எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், நான் மிகவும் மதிக்கிறவர். "உறுதியாகாத விஷயத்தைச் சொல்லி ஏன்மா எல்லாரையும் பதற வைக்கணும்? மார்ச் வரைக்கும் பொறு" என்கிறார். பத்தாவது பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிற நேரம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு எங்கள் தரைத்தள அறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே நான்கு அம்மாக்கள் இறங்கி வருகைப் பதிவேட்டையும் பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களையும் தலையில் வைத்து வெளியே எடுத்து வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான். அப்படிப்பட்டவர்களிடம் தினமும் சிரித்துப் பேசிவிட்டு இதை மட்டும் வயிற்றுக்குள் வைத்திருப்பது எப்படி?

இன்னொன்றும் இருக்கிறது. எனக்குப் பதினோரு வயதில் அப்பா வேலை செய்த தொழிற்சாலை நின்றது. "அடுத்த மாசம் திறந்துடும்" என்று ஒன்றரை வருடம் சொன்னார்கள். அப்பா அதை நம்பி வேறு வேலை தேடாமல் இருந்தார். காலையில் சட்டை போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வருவார். அம்மாவின் கம்மல் போனது, அண்ணனின் படிப்பு போனது. திறக்காது என்று முதல் மாதமே சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார்.

இங்கே தொண்டு நிறுவனம் நடத்தியவர்கள், அதில் வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். யாரிடம் முதலில் சொல்வது, எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது?

பழைய கணக்கர்
ஜனவரி 20, காலை 7.15

அம்மா, முப்பது வருடம் டிரஸ்ட் கணக்குகள் பார்த்தவன், இப்போது பெரம்பூரில் ஓய்வில் இருக்கிறேன். சொல்வதா வேண்டாமா என்பதற்கு முன்னால் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கணக்கு போடுங்கள்.

கையில் இருக்கும் 3,96,000-இல் எவ்வளவு அந்த நிறுவனத்தின் திட்டப் பணம், எவ்வளவு உங்கள் டிரஸ்டின் சொந்தப் பணம்? இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். திட்டப் பணத்தை ஒப்பந்தத்தில் உள்ள செலவுக்குத்தான் தொடலாம். பிறகு, மூடவேண்டி வந்தால் உங்களையும் சேர்த்து எட்டுப் பேருக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்ப 71,000 வேண்டும். அதைச் சொந்தப் பணத்திலிருந்து இன்றே ஒதுக்கி, இல்லாத பணமாக நினைத்துக்கொள்ளுங்கள். மீதி 3,25,000. ஜனவரி, பிப்ரவரி போனால் 1,05,000. மார்ச்சுக்கு ஐயாயிரம் குறைகிறது, அதைச் சமாளித்துவிடலாம். ஆக மார்ச் 31 வரை உங்களால் உறுதி கொடுக்க முடியும். தெரியவில்லை என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த நிறுவனத்திடம் வருமா என்று கேட்காதீர்கள். அந்தத் தம்பியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி முந்தைய மூன்று வருடங்களின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை அவர்கள் செலவழிக்க வேண்டும். எதில் என்பதை அவர்களுடைய சி.எஸ்.ஆர். குழு பரிந்துரைக்கிறது, இயக்குநர் குழு ஒப்புதல் தருகிறது. அதனால் குழு எப்போது கூடுகிறது, அதற்கு முன் நாங்கள் என்ன அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு அவரால் பதில் சொல்ல முடியும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அவர்கள் ஆலையோ அலுவலகமோ நம் பக்கம் இருந்தால் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள். தொடங்கிய வருடத்தைச் சேர்க்காமல் மூன்று வருடம்வரை போகும் தொடர் திட்டமாக ஏற்கவும் விதியில் இடம் இருக்கிறது. வருடா வருடம் கையேந்துவதற்கு அது பரவாயில்லை.

இன்னொன்று. சின்ன டிரஸ்டுகள் பல, மார்ச் வந்தால் பணத்தை மீதி வைக்கக் கூடாது என்று பயந்து பையைக் காலி செய்துவிடுகின்றன. வருமான வரிப் பதிவு உள்ள டிரஸ்ட் அந்த வருட வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழித்தால் போதும். மீதி 15 சதவீதத்தை நிபந்தனை இல்லாமல் சேர்த்து வைக்கலாம். நான்கு வருடம் சேர்த்திருந்தால் இன்று உங்களுக்கு இந்தக் கவலை பாதியாகியிருக்கும். குறை சொல்லவில்லை, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உள்ளூரில் கேட்க வெட்கப்படாதீர்கள். 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதற்கு முதலில் ஓடியாடியவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். இருவரும் அந்தப் பகுதி வியாபாரிகள். நம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அந்த மனசு இன்னும் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் டீச்சர்
ஜனவரி 20, மதியம் 1.30

அக்கா, நான் புளியந்தோப்புப் பக்கம் இதே மாதிரி ஒரு மையத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். எங்களுக்கு நேரடியாக வெளிநாட்டுப் பணம் வராது. வடக்கே இருந்த ஒரு பெரிய நிறுவனம் வாங்கி எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆனது. அதோடு நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். கொரோனா வேறு. எங்கள் மேடத்துக்கு இதெல்லாம் அன்றே தெரியும். எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை போனேன், கதவு பூட்டியிருந்தது. பிள்ளைகள் பையோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் போனை எடுக்கவில்லை. இரவு ஒரு குறுஞ்செய்தி வந்தது, மன்னிக்கவும் என்று. அவர் கெட்டவர் இல்லை அக்கா. கடைசிவரை எங்கிருந்தாவது பணம் வந்துவிடும் என்று அலைந்திருக்கிறார். எங்களை நோகடிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். ஆனால் அன்று அந்தப் படியில் பிள்ளைகளுக்குப் பதில் சொன்னது நான். இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றித்தான் போகிறேன்.

டீச்சர்களிடம் முதலில் சொல்லுங்கள். அம்மாக்களுக்கு முன்னால் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், உட்கார வைத்துச் சொல்லுங்கள். எந்தத் தேதிவரை சம்பளம் நிச்சயம் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் காட்ட அது வேண்டும்.

முதியோர் இல்லம், தண்டையார்பேட்டை
ஜனவரி 20, இரவு 9.05

மேலே சொன்னவர்களோடு முழுக்க உடன்பட முடியவில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன். 2020 ஊரடங்கில் எங்களுக்கும் நன்கொடை நின்றது. ராயபுரம் மண்டலத்தில் தொற்று உச்சத்தில் இருந்த மே மாதம். நேர்மையாக இருக்க வேண்டும் என்று ஊழியர்களைக் கூப்பிட்டு இரண்டு மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று சொன்னேன். பத்து நாளில் எங்களுடைய நல்ல இரண்டு பராமரிப்பாளர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். மூன்றாவது வாரம் பணம் வந்தது. ஆள் இல்லை. படுக்கையில் இருந்த ஒரு பாட்டி, போன பெண்ணின் கையால் மட்டும்தான் சாப்பிடுவார். அவரைப் பழையபடி சாப்பிட வைக்க ஒரு மாதம் ஆனது.

சொல்லவே கூடாது என்று சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைப் பிள்ளைகளும் கொடுப்பார்கள் என்று தெரிந்து சொல்லுங்கள். உங்கள் தலைவர் பயப்படுவது இதற்காகத்தான் இருக்கும்.

எண்ணூர் தம்பி
ஜனவரி 21, காலை 6.20

அக்கா, நான் எண்ணூர். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் பரவியது எல்லோருக்கும் தெரியும். படகு, வலை, வீட்டுச் சுவர், நாய், கொக்கு எல்லாம் கறுப்பு. எங்கள் ஆட்களே படகில் உட்கார்ந்து மக்கிலும் பக்கெட்டிலும் அள்ளினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் 26ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஆட்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த நேரத்தில் உதவி செய்ய நிறையப் பேர் வந்தார்கள். நல்ல மனசோடு வந்தவர்கள்தான். ஒரு அமைப்பு வந்து, வலை வாங்கித் தருகிறோம், பெயர் எடுங்கள் என்றது. குப்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பையன் என்று என்னைக் கைகாட்டினார்கள். நான்தான் உட்கார்ந்து எழுதினேன். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், படகோடு ஒரு போட்டோ. வலை வரவில்லை. அவர்களுக்கு என்ன பிரச்சினையோ தெரியாது. அவர்கள் போய்விட்டார்கள், நான் இங்கேதான் இருக்கிறேன். அடுத்த ஆறு மாதம் டீக்கடையில், கோயிலில், இழவு வீட்டில்கூட என்னைக் கேட்டார்கள்: "தம்பி, அந்த வலை என்னாச்சு?" ஒரு பெரியவர் அதை நம்பிப் பழைய வலையைத் தைக்காமலேயே போட்டு வைத்திருந்தார்.

இன்னொரு சின்னக் குழு வந்தது. "நாற்பது வீட்டுக்கு அரிசியும் பருப்பும் இருக்கிறது. அவ்வளவுதான். அடுத்த வாரம் வர மாட்டோம்" என்றார்கள். எந்த நாற்பது என்று எங்களையே முடிவு செய்யச் சொன்னார்கள். அவர்களைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அதனால் சொல்லுங்க அக்கா. தேதி இல்லாமல் சொல்லாதீங்க. கையில் இருப்பதை மட்டும் சொல்லுங்க. எங்காவது ஏற்பாடு பண்ணிடலாம் என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லாதீங்க, அதை அவங்க வாக்காக எடுத்துக்குவாங்க.

கொருக்குப்பேட்டை மாலை மையம்
பிப்ரவரி 3, இரவு 11.20

இத்தனை பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கணக்கர் சார் சொன்னபடி முதலில் கணக்கைப் பிரித்தேன். சொந்தப் பணம் 1,40,000, மீதி திட்டப் பணம். அதிலிருந்து 71,000-ஐத் தனியாக எடுத்து வைத்தோம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். நீண்ட நேரம் பார்த்தார். மார்ச் 31 என்று கீழே எழுதியிருந்ததைத் தொட்டு, "இது நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். "அப்ப சொல்லு. நீ சொல்லும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார்.

டீச்சர்களை வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் உட்கார வைத்தேன். சொல்லி முடித்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. மூத்தவர், "ஜெராக்ஸ் கடையில் கடன் கணக்கை நிறுத்திட்டீங்களே, அப்பவே தெரியும்" என்றார். ஒரு மாதமாக அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்று என்னிடம் கேட்கவில்லை. நான் அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தண்டையார்பேட்டை சார் எச்சரித்ததும் நடந்தது. அறிவியல் டீச்சருக்கு ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை, 14,000 சம்பளம். தயங்கிக்கொண்டிருந்தவர் அன்று முடிவெடுத்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், கணவருக்கு டயாலிசிஸ் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நடக்கிறது. போகாதே என்று எந்த வாயால் சொல்வது? ஜனவரிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் கொடுத்து அனுப்பினேன். பத்தாவது பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் அழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வந்து அவர்களுக்கு அறிவியல் எடுப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். முடிகிறவரைக்கும் வரட்டும், அதை நான் கணக்கில் வைக்கவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு மாலை அம்மாக்கள் கூட்டம். அறுபதுக்கு மேல் வந்தார்கள். தரைத்தள அறைதான், சுவரில் வெள்ளக் கோடு இன்னும் இருக்கிறது. வாசல்வரை உட்கார்ந்திருந்தார்கள். எப்படித் தொடங்கலாம் என்று இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் மீன் விற்கும் அம்மா ஒருவர், "மூடறியா, மூடலையா? அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

மார்ச் 31 வரை மூடமாட்டோம், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். கையில் இருக்கும் பணத்தையும் மாதச் செலவையும் கரும்பலகையில் எழுதினேன். என் சம்பளத்தையும் எழுதினேன். மார்ச் 8 ஞாயிறு இதே நேரம் மறுபடியும் கூடுவோம், அன்றைக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்கிறேன் என்றேன். எண்ணூர் தம்பி சொன்னது காதிலேயே இருந்ததால் அதற்கு மேல் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தோன்றிய இடங்களில் தண்ணீர் குடித்தேன்.

அப்புறம் ஒருவர் எழுந்து, "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். டிசம்பர் 18 என்றேன். அவருடைய பெண் ஒன்பதாவது படிக்கிறாள். மூலக்கொத்தளம் பக்கம் ஒரு டியூஷனில் டிசம்பர் மாதம் சேர்ந்தால் பாதிக் கட்டணம் என்றார்களாம். இங்கேதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டாராம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேர்த்திருப்பேனே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும் காட்சி வந்துவிட்டது. ஒன்றரை மாதம்தான் தள்ளிப்போட்டேன். அந்த ஒன்றரை மாதம் அவருக்கு வேண்டியிருந்தது. தப்புதான், மன்னிச்சிடுங்க என்றேன். தலைவர் எழுந்து, "பொறுக்கச் சொன்னது நான்தான்" என்றார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

பிறகு அவர்களே பேசத் தொடங்கினார்கள், நான் எழுதிக்கொண்டேன். சுண்டலை நிறுத்துவதற்கு யாருக்கும் சம்மதம் இல்லை. இப்போது ஒருவரிடம் கொடுத்துச் செய்து வாங்குகிறோம். பருப்பும் எண்ணெயும் வாங்கிக் கொடுத்தால் முறை வைத்து வீட்டில் வேகவைத்துத் தருகிறோம் என்கிறார்கள். எட்டாயிரம் மிச்சமாகும். இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா மாலையில் தன் முன்னறை சும்மாதான் கிடக்கிறது என்றார். ஒரு வாடகை, 5,500, போகிறது. அறிவியல் டீச்சரின் இடத்தை இப்போதைக்கு நிரப்பவில்லை. எல்லாம் சேர்த்தால் மாதம் 21,500 குறைந்து 88,500 ஆகிறது. ஏப்ரல் பாதிவரை இழுக்கலாம் போலிருக்கிறது, பத்தாவது பிள்ளைகள் தேர்வை முடித்துவிடுவார்கள். ஆனால் இதை அவர்களிடம் சொல்லவில்லை. பிப்ரவரிச் செலவு உண்மையிலேயே குறைகிறதா என்று பார்த்துவிட்டு மார்ச் 8 அன்று சொல்வேன்.

ஃபீஸ் விஷயத்தில்தான் சண்டை. பிள்ளைக்கு மாதம் நூறு ரூபாய் வாங்கு என்று பாதிப் பேர். மூன்று பிள்ளைகள் அனுப்பும் ஒருவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஃபீஸில் விருப்பம் இல்லை. முதல் மாதம் கொடுக்க முடியாத அம்மா வெட்கப்பட்டுப் பிள்ளையை நிறுத்திவிடுவார், அந்தப் பிள்ளைதான் தெருவுக்குப் போகும். அதைச் சொன்னேன். கடைசியில் மீன் விற்கும் அம்மாவே, "பேர் எழுதாதே. வாசல்ல உண்டியல் வை. இருக்கிறவ போடுவா, இல்லாதவ சும்மா கையை விட்டு எடுப்பா, யாருக்குத் தெரியும்" என்றார். அப்படியே முடிவானது.

நிறுவனத்தின் தம்பிக்குப் போன் செய்து, வருமா என்று கேட்காமல் குழு எப்போது கூடும் என்று கேட்டேன். மார்ச் முதல் வாரமாம். பிப்ரவரி 20-க்குள் கடிதமும் கணக்கும் அனுப்பச் சொன்னார். டிசம்பரிலேயே அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

கணக்கர் சார், உண்டியல் பணத்தை எப்படி வரவு வைப்பது?

பழைய கணக்கர்
பிப்ரவரி 4, காலை 6.50

நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா.

உண்டியலுக்கு இரண்டு பூட்டு போடுங்கள். ஒரு சாவி உங்களிடம், ஒன்று அம்மாக்களில் ஒருவரிடம். சனிக்கிழமை தோறும் திறந்து, இரண்டு அம்மாக்கள் எண்ணி, தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வைத்தால் போதும். திங்கட்கிழமை முழுத் தொகையையும் வங்கியில் கட்டுங்கள். அதிலிருந்து நேராகப் பருப்பு வாங்கக் கூடாது, முதலில் வங்கிக்குப் போக வேண்டும். பெயர் தெரியாத நன்கொடை வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வரிப் பிரச்சினை இல்லை, நீங்கள் அந்த எல்லைக்குள்தான் இருப்பீர்கள். கடைக்காரர்கள் கொடுத்தால் அதை உண்டியலில் போடச் சொல்லாதீர்கள், பெயர் எழுதி ரசீது கொடுங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு (80ஜி) உங்களுக்கு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு வரிச் சலுகை கிடைக்காது. வங்கி வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நிறுவனத்துக்கு அனுப்பும் கணக்கை 15ஆம் தேதிக்குள் தயார் செய்துவிட்டால் நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

முன்னாள் டீச்சர்
பிப்ரவரி 4, இரவு 8.40

அக்கா, வியாழன், வெள்ளி மாலை எனக்கு வேலை இல்லை. எட்டாவது வரைக்கும் அறிவியல் எடுப்பேன். சம்பளம் வேண்டாம், பஸ்ஸுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் பாதிவரை வருவேன். அதற்கு மேல் வாக்கு கொடுக்க முடியாது.

கொருக்குப்பேட்டை மாலை மையம்
பிப்ரவரி 4, இரவு 9.15

வாங்க டீச்சர். வியாழன் ஐந்தரைக்கு. கேட் போட்டிருந்தால் அந்தப் பக்கமே நில்லுங்கள், குனிந்து வரவேண்டாம், பிள்ளைகள் பார்த்துப் பழகிவிடுவார்கள்.

கணக்கர் சார், பூட்டு இரண்டு வாங்கிவிட்டேன். இரண்டாவது சாவியை டிசம்பர் 18 பற்றிக் கேட்டாரே, அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார்.